முழுமைத் திட்டத்தில் சேரி எங்கே இருக்கிறது?

கொடைக்கானல் முழுமைத் திட்டம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வாக்கியம் கூடவே வந்துவிடுகிறது: ‘பொதுமக்கள் தங்கள் ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கலாம்.’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பொதுமக்கள் என்றால் யார்? எழுத்துப்பூர்வமாக என்றால் யாருடைய எழுத்தில்? தெரிவிக்கலாம் சரி, தெரிவித்த பிறகு என்ன நடக்கும்? இந்த மூன்று கேள்விகளையும் மேல்மலையிலிருந்து, அதாவது மன்னவனூர் பக்கத்திலிருந்து கேட்டுப் பார்ப்பதுதான் இந்தப் பதிவு.

கொடைக்கானல் நகரத்திலிருந்து பூம்பாறை வழியாக சுமார் 35 கிலோமீட்டர் போனால் மன்னவனூர். சுற்றுலா வருகிறவர்களுக்கு அது ஏரி, புல்வெளி, ஆட்டுப்பண்ணை. 1965 முதல் அங்கே இயங்கும் மத்திய செம்மறி ஆடு ஆராய்ச்சி நிலையத்தைத்தான் எல்லோரும் ஆட்டுப்பண்ணை என்கிறார்கள். ரீல்ஸ் எடுக்க அரை மணி நேரம் போதும், எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். மேல்மலையில் வேலை செய்கிற எங்களுக்கு மன்னவனூர் என்றால் படிக்கட்டு வயல்கள், பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், அந்த வயல்களில் நாள் முழுக்கக் குனிந்திருக்கும் முதுகுகள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பத்திரிகைகள் கொண்டாடின. பூண்டுக்கு அடையாளம் வந்துவிட்டது. அதைப் பிடுங்கி, காயவைத்து, கட்டி, வடுகபட்டி சந்தைக்கு வண்டியேற்றுகிற கைகளுக்கு வீட்டுமனைப் பட்டா வந்ததா என்று எந்தப் பத்திரிகையும் கேட்கவில்லை.

‘அது நகரத்துக்கான திட்டம், இந்தக் கிராமத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?’ என்று பயிற்சிக்கு வரும் மாணவர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. சம்பந்தம் இருக்கிறது. நகரத்தில் விதி இறுகினால் கட்டடம் நின்றுவிடாது, எல்லையைத் தாண்டி நகரும். நகரத்துக்குள் இடம் கிடைக்காத பணம் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று ஏறிப் போகிறது. காட்டேஜ், டென்ட், ‘ஃபார்ம் ஸ்டே’ என்று பெயர்தான் மாறுகிறது. நிலம் யாருடையது? ஆதிக்கச் சாதி நிலவுடைமையாளருடையது. அந்த நிலத்தின் ஓரத்தில் குடிசை போட்டிருப்பது யார்? ‘இருந்துக்கோன்னு சொன்னாங்க, இருக்கோம்’ என்று மூன்று தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கும் தலித் கூலித் தொழிலாளர். நிலம் கைமாறும்போது குடிசையும் சேர்ந்து கைமாறுகிறது. வாங்கியவருக்கு ஒரு ‘வியூ பாயின்ட்’ கிடைக்கிறது. குடிசையில் இருந்தவருக்குக் கிடைப்பது இரண்டு வாரத் தவணை.

ஆகவே எந்த நிலத்தில் என்ன கட்டலாம், எங்கே சாலை வரும், எது விவசாய மண்டலம், எது குடியிருப்பு மண்டலம் என்று ஒரு வரைபடத்தில் கலர் அடிப்பதை, பொறியாளர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய தொழில்நுட்ப வேலை என்று நாம் விட்டுவிட முடியாது. யார் எங்கே வாழலாம் என்பதை நூற்றாண்டுகளாகத் தீர்மானித்தது சாதி. இப்போது அதே தீர்மானத்தை அரசிதழில் அச்சடித்துக் கொடுக்கிற கருவி முழுமைத் திட்டம். பழைய தீர்மானத்தை அது உடைக்கவும் செய்யலாம், கான்கிரீட் போட்டு இறுக்கவும் செய்யலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இதை நம் பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ்தான் முழுமைத் திட்டம் தயாராகிறது. வரைவுக்கு அரசு இசைவு கொடுத்த பிறகு, 26-ஆம் பிரிவின்படி அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு வெளியிட வேண்டும். வரைவை எங்கே பார்வையிடலாம் என்று சொல்ல வேண்டும். ஆட்சேபணைக்கு இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும். நேரில் விசாரிக்கக் கேட்டவர்களுக்கு நியாயமான வாய்ப்புக் கொடுத்துவிட்டுத்தான் திட்டம் அரசின் ஒப்புதலுக்குப் போக வேண்டும். எந்த நபரும் ஆட்சேபிக்கலாம். நிலம் வைத்திருக்க வேண்டியதில்லை, வரி கட்டியிருக்க வேண்டியதில்லை, பட்டா காட்ட வேண்டியதில்லை. இதை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சமவெளியில் ஒரு சிறு நகரத்தின் திட்ட வரைவுக்கான கூட்டத்துக்கு நாங்கள் போயிருந்தபோது, பின்வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்து ஒரு அலுவலர், ‘உங்களுக்கு எந்த சர்வே நம்பரில் நிலம் இருக்கு?’ என்று கேட்டார். இல்லை என்றார்கள். ‘அப்ப நீங்க என்ன ஆட்சேபணை சொல்லப் போறீங்க?’ என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். நிலமில்லாதவருக்கு நிலத்தைப் பற்றி ஒரு கருத்து இருக்க முடியும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை.

கொடைக்கானலின் முழுமைத் திட்டம் 1993-இல் ஒப்புதல் பெற்றது. அந்த ஆண்டை நினைவில் வையுங்கள். 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஏப்ரல் 24, 1993-இல் நடைமுறைக்கு வந்தது, 74-ஆவது திருத்தம் ஜூன் 1, 1993-இல். கிராம சபைக்கு அரசியல் சட்ட இடம், ஊராட்சித் தலைவர் பதவிகளில் பட்டியல் சாதியினருக்கு இட ஒதுக்கீடு, ஊராட்சியும் நகராட்சியும் போடும் திட்டங்களை ஒன்றிணைக்க மாவட்டத் திட்டக் குழு என்று எல்லாம் அந்த ஆண்டில் வந்தவை. திட்டமிடும் உரிமை மக்களிடம் போகிறது என்று டெல்லியில் எழுதப்பட்ட அதே ஆண்டில்தான் இந்த மலைக்கான திட்டமும் உறுதியானது. அதன் பிறகு ஒரு தலைமுறை பிறந்து, படித்து, ஓட்டுப் போடும் வயதைத் தாண்டிவிட்டது. நகரம் ஊதிப் பெருத்தது. பழைய திட்டம்தான் ஆதாரம் என்று அதே காகிதத்தை வைத்துக்கொண்டு கட்டடம் எழுந்தது, வழக்கு நடந்தது, சீல் வைக்கப்பட்டது.

அந்தக் காகிதம் யாரைக் கட்டுப்படுத்தியது, யாரைக் கட்டுப்படுத்தவில்லை? பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் கதை உங்களில் பலருக்குப் பொதுத்தேர்வு வினா மாதிரி ஒற்றை வரியில்தான் தெரிந்திருக்கும். மலை நகரக் கட்டட விதிகளை மீறி ஏழு மாடிக்கு எழுந்த ஹோட்டலுக்கு 1994-இல் அரசே விலக்கு அளித்து ஆணை போட்டது. பழனி மலைப் பாதுகாப்புக் குழு வழக்குத் தொடுத்தது. சென்னை உயர்நீதிமன்றம் 1995-இல் அந்த ஆணையை ரத்து செய்தது, உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இதன் தொடர்ச்சியாக வந்த ஊழல் வழக்கில் பிப்ரவரி 2, 2000 அன்று சிறப்பு நீதிமன்றம் ஜெயலலிதாவுக்குச் சிறைத்தண்டனை விதித்தது. 2001-இல் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. தண்டனை அறிவிக்கப்பட்ட அன்றைக்குத்தான் தருமபுரியில் பேருந்து எரிக்கப்பட்டு, கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூன்று பேர் உயிரோடு எரிந்தார்கள். கொடைக்கானலில் ஒரு கட்டடத்துக்கு எத்தனை மாடி என்ற கேள்விக்கு உயிரைக் கொடுத்தவர்கள், அந்த மலையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் சுற்றுலா முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த மாணவிகள். திட்ட விதிகள் வறண்ட விஷயம் என்று நினைக்கும் தோழர்களுக்காக இதைச் சொல்கிறோம்.

2019-இல் உயர்நீதிமன்ற உத்தரவின் பேரில் கொடைக்கானலில் விதிமீறிய வணிகக் கட்டடங்களுக்கு வரிசையாக சீல் வைத்தார்கள். உடனே கடையடைப்பு, பேச்சுவார்த்தை, பிரதிநிதிகள் குழு என்று நகரமே எழுந்து நின்றது. பழைய திட்டத்தைத் திருத்துங்கள், எங்கள் கட்டடங்களுக்கு வழி செய்யுங்கள் என்ற குரல்தான் அதில் ஓங்கி ஒலித்தது. விதிமீறிய கட்டடத்துக்கு நம் சட்டத்தில் ஒரு கௌரவமான பெயர் உண்டு. ‘வரன்முறைப்படுத்துதல்.’ அதற்காகவே 113-ஏ, 113-சி என்று பிரிவுகளைச் சேர்த்தார்கள், கட்டணம் கட்டினால் போதும். அதே விதிமீறலைச் செய்தவர் ஒரு ஓடைக்கரையில் தகரம் போட்டு வாழும் அருந்ததியர் குடும்பம் என்றால் சொல் மாறிவிடுகிறது. ‘ஆக்கிரமிப்பு.’ அதற்குக் கட்டணம் கிடையாது, ஜேசிபிதான். முழுமைத் திட்டத்தைத் திருத்தக் கோருகிறவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காகக் கோரவில்லை என்பதை நாம் தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு வேண்டியது மன்னிப்பு. நமக்கு வேண்டியது இடம்.

சரி, வரைபடத்துக்கு வருவோம். ஒரு திட்ட வரைபடத்தில் ஊர் எப்படித் தெரியும்? கிராம நத்தம் ஒரு கலரில், விவசாயம் ஒரு கலரில், காடு ஒரு கலரில், நீர்நிலை ஒரு கலரில். சேரி எந்தக் கலரில்? பல இடங்களில் சேரி நத்தத்துக்குள்ளேயே இருக்காது. ஊர் நத்தம் வெள்ளைக்காரன் காலத்திலேயே அளந்து எல்லைக்கல் போட்டது. சேரியோ புறம்போக்கில், ஓடை ஓரத்தில், பட்டா நிலத்தின் வரப்பில் வளர்ந்தது. வரைபடத்தில் அது ‘விவசாயம்’ என்றோ ‘புறம்போக்கு’ என்றோ வரும். அப்படிக் கலர் அடித்துவிட்டால் அந்த இடத்தில் வீடு என்ற ஒன்று சட்டப்படி கிடையாது. வீடு இல்லாத இடத்துக்குத் தெரு எதற்கு, சாக்கடை எதற்கு, தொகுப்பு வீட்டுக்கு அனுமதி எதற்கு என்று கேள்விகள் தாமாகவே முடிந்துவிடும். சுடுகாட்டுப் பாதையும் அப்படித்தான். மலையில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்தவர் தோட்டத்து வரப்பில் நடக்க வேண்டியிருக்கும்போது, அந்த வரப்பு வரைபடத்தில் பாதையாக இருக்கிறதா இல்லையா என்பது ஒரு சாவு வீட்டின் மானப் பிரச்சனை. தோட்டம் காட்டேஜ் ஆகி, சுற்றிலும் வேலி விழுந்த பிறகு எந்த ஆவணத்தைக் காட்டி வழி கேட்பீர்கள்?

2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். வரவேற்கிறோம். வசவாக மாறிவிட்ட சொல் அது. ஆனால் பெயரை நீக்குகிற அரசு, அந்தப் பெயர் சுமந்த தெருவை வரைபடத்தில் சேர்த்திருக்கிறதா? பெயரும் இல்லாமல் இடமும் இல்லாமல் போனால் அதற்குச் சமத்துவம் என்று பெயர் வைக்க முடியாது.

மேல்மலையிலும் கீழ்மலையிலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதைச் சமவெளித் தோழர்கள் அதிகம் கவனிப்பதில்லை. மலைப்புலையர் மக்கள் 1976 வரை பழங்குடிப் பட்டியலில் இருந்தார்கள். பிறகு பட்டியல் சாதி ஆக்கப்பட்டார்கள். மீண்டும் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கக் கோரி இன்றுவரை போராடுகிறார்கள். பட்டியல் மாறினால் என்ன ஆகும்? 2006 வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்கு ஒரு விதி, ‘பிற பாரம்பரிய வனவாசிகளுக்கு’ ஒரு விதி வைத்திருக்கிறது. பழங்குடியினர் டிசம்பர் 13, 2005-க்கு முன்பு அந்த நிலத்தில் இருந்ததைக் காட்டினால் போதும். மற்றவர்கள் அந்தத் தேதிக்கு முன்பு மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கே காட்டைச் சார்ந்து வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். எழுத்தறிவே மறுக்கப்பட்டவர்களிடம் 1930-ஆம் ஆண்டின் ஆதாரத்தைக் கேட்கிறது சட்டம். இந்த மலையின் பழைய அரசு விவரக் குறிப்புகளில் அவர்கள் நிலவுடைமைச் சாதியின் பண்ணையடிமைகளாகத்தான் இருக்கிறார்கள். அடிமையாக இருந்ததற்கு ஆவணம் இருக்கிறது, குடியிருந்ததற்கு இல்லை! 2013-இல் சுமார் 600 சதுர கிலோமீட்டர் பரப்பில் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஒரு பக்கம் சரணாலயம், இன்னொரு பக்கம் பட்டா நிலம், நடுவில் முழுமைத் திட்டத்தின் கோடு. வன உரிமைக் கோரிக்கைகள் தீராத இடத்தில் கோட்டை முதலில் போட்டுவிட்டால், கோரிக்கையை எந்த நிலத்தில் வைத்துப் பேசுவது? ‘நிலப்பயன்பாட்டை இறுதி செய்வதற்கு முன் வன உரிமைக் கோரிக்கைகளை முடியுங்கள்’ என்பது நம் ஆட்சேபணையின் முதல் வரிகளில் ஒன்றாக இருக்க வேண்டும்.

‘அப்படியானால் திட்டமே வேண்டாம் என்கிறீர்களா? சோலைக்காட்டை அழித்து எல்லோரும் கட்டிக்கொள்ளட்டுமா?’ என்று சூழலியல் நண்பர்கள் கேட்பார்கள். இல்லை. கட்டுப்பாடு இல்லாத மலையில் முதலில் சாகப்போவது நாம்தான். ஆகஸ்ட் 6, 2020 இரவில் மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் மண்ணுக்குள் போனார்கள். நம் மேல்மலையிலிருந்து காகம் பறக்கும் தூரம்தான் அது. செத்தவர்கள் தேயிலைத் தோட்ட லயங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள், பெரும்பாலும் தலித்துகள். லயத்தை அந்த இடத்தில் கட்டியது அவர்கள் இல்லை. ஜூலை 30, 2024 வயநாட்டு முண்டக்கை–சூரல்மலைச் சரிவிலும் தோட்டத் தொழிலாளர் பாடிகள் அடித்துப் போகப்பட்டன. தொழிலாளி எங்கே தூங்க வேண்டும் என்பதை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். சரிவான, ஓடை ஓரமான, வேறு எதற்கும் பயன்படாத துண்டு அவருக்குப் போகிறது. அதனால் சரிவுப் பாதுகாப்பு, நீர்வழிப் பாதுகாப்பு, சோலைப் பாதுகாப்பு எல்லாம் நம் கோரிக்கைகளே. 1990-இல் அமைக்கப்பட்ட மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் கட்டுப்பாடுகள் இன்னும் இறுக வேண்டும் என்பதிலும் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஒன்றே ஒன்றுதான் சொல்கிறோம். ஆபத்தான சரிவில் இருக்கும் சேரியை ‘கட்டடம் கட்டத் தடை’ என்று கலர் அடித்துவிட்டுப் போனால் அது பாதுகாப்பு ஆகாது. அதே திட்டத்தில், அதே ஊராட்சியில், பாதுகாப்பான நிலத்தில் மாற்று மனையைக் குறித்துக் காட்டு. அதற்கு நிலம் எடுக்கச் சட்டம் இல்லையா? ஆதிதிராவிடர் நலனுக்காக நிலம் எடுக்க 1978-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு தனிச் சட்டம் போட்டிருக்கிறது. செம்மறி ஆட்டுக்கு 1965-லேயே மன்னவனூரில் இடம் ஒதுக்க முடிந்த அரசுக்கு மூன்று சென்ட் மனை ஒதுக்குவது எப்படிக் கடினமாகிறது?

சுற்றுலாவைக் கட்டுப்படுத்த மே 2024 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வாகனம், வார இறுதியில் 6,000 வாகனம் என்று உயர்நீதிமன்றம் வரம்பு வைத்தது. மலையின் தாங்குதிறனை ஆராய ஐ.ஐ.டி. சென்னையும் ஐ.ஐ.எம். பெங்களூருவும் அழைக்கப்பட்டன. நல்லது. ஆனால் தாங்குதிறன் என்றால் எத்தனை கார் என்பது மட்டுமா? அந்தக் காரில் வருகிறவர் போடும் குப்பையை அள்ளுகிற தூய்மைப் பணியாளர் எங்கே குடியிருக்கிறார்? 2011 கணக்கெடுப்பின்படி நகராட்சியின் மக்கள்தொகை 36,501. அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். விடுதியில் அறை துடைப்பவர், சமையலறையில் பாத்திரம் கழுவுபவர், கல் சுமப்பவர் என்று மேல்மலையிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள் அந்தக் கணக்கில் சேராதவர்கள். ஹோட்டல் மண்டலம் என்று குறிக்கத் தெரிந்த திட்டத்துக்கு, தொழிலாளர் குடியிருப்பு என்று ஒரு ஏக்கர் குறிக்கத் தெரிய வேண்டும். இந்த நகரம் பிறந்ததே அப்படித்தான். 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்குத் தப்பி மேலே வந்தார்கள். சாலை இல்லாத காலம் அது, அவர்களை நாற்காலியிலும் டோலியிலும் தோளில் சுமந்து ஏற்றியவர்கள் கூலிகள். 1863-இல் ஏரி வெட்டிய லெவிஞ்ச் துரையின் பெயர் எல்லா வழிகாட்டிப் புத்தகத்திலும் இருக்கிறது. சுமந்த தோள்கள் எங்கே இறங்கித் தூங்கின என்று எந்த வரைபடத்திலும் இல்லை.

சமூகவியல் படித்தவர்களுக்கு ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் பெயர் தெரிந்திருக்கும். 1969-இல் அவர் எழுதிய கட்டுரையில் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாகப் பிரித்தார். அடியில் இருப்பவை ஏமாற்று வேலை, நடுவில் இருப்பவை ஒப்புக்குக் கேட்பது, உச்சியில்தான் மக்களின் கையில் அதிகாரம். ‘ஆட்சேபணை தெரிவிக்கலாம்’ என்பது நடுப்படி. நம் நாட்டில் ஏணிக்கு இன்னொரு சிக்கல் உண்டு, ஏணி எந்தத் தெருவில் சாத்தப்பட்டிருக்கிறது என்பது. வரைவு நகராட்சி அலுவலகத்தில் ‘பார்வைக்கு’ இருக்கிறது. மன்னவனூரிலிருந்து ஒரு பெண் அதைப் பார்க்கப் போக வேண்டுமென்றால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போய்விடும். போனால் அங்கே இருப்பது ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்கள். கிராம சபையில் வைத்துப் பேசலாமே என்றால், கிராம சபையில் யார் நாற்காலியில், யார் தரையில் என்று நமக்குத் தெரியாதா? மேலவளவு முருகேசன் ஊராட்சித் தலைவர் ஆன குற்றத்துக்காக ஜூன் 30, 1997-இல் வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை தேர்தலையே நடத்த விடவில்லை. தலித் தலைவர்கள் சுதந்திர தினத்தில் கொடி ஏற்றுவதை யாரும் தடுக்கக் கூடாது என்று 2022-இல் கூடத் தலைமைச் செயலாளர் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கிராமத்தைக் கனவு காண்கிறவர்களுக்கு எதிராக அண்ணல் அம்பேத்கர் 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் நின்று பேசியது இந்த அனுபவத்திலிருந்துதான். எனவே ‘கிராம சபை ஒப்புதல் பெறப்பட்டது’ என்று யாராவது காகிதத்தைக் காட்டினால், அந்தக் கூட்டத்தில் சேரியிலிருந்து எத்தனை பேர் கையெழுத்து என்று கேட்பது நம் வேலை.

சாதிப் பெயர் ஒரு இடத்திலும் வராத விதிகளால் எப்படி ஒரு சமூகத்தை வெளியே தள்ளலாம் என்பதற்கு, அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் மவுண்ட் லாரல் என்ற சிற்றூரைப் பாருங்கள். விவசாய ஊர், பக்கத்துப் பெருநகரத்தின் புறநகராக மாறிக்கொண்டிருந்தது. தலைமுறைகளாக அங்கே உழைத்த கறுப்பின மக்கள் கோழிக்கூடுகளை மாற்றிக் கட்டிய வீடுகளில்கூடக் குடியிருந்தார்கள். கட்டுப்படியாகும் வாடகையில் சின்ன அடுக்கு வீடுகள் கட்ட அனுமதி கேட்டார்கள். மண்டல விதி பெரிய மனையில் தனி வீடு என்றது. 1970-இல் மேயர் அவர்கள் கூடும் தேவாலயத்துக்கே வந்து, இங்கே வாழ வசதியில்லாதவர்கள் வேறு ஊர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்ற பொருளில் சொல்லிவிட்டுப் போனார். எத்தல் லாரன்ஸ் என்ற பெண்மணி முன்னின்று வழக்கு நடந்தது. 1975-இல் மாநில உச்சநீதிமன்றம், எந்த ஊரும் தன் நில விதிகளைக் கொண்டு ஏழைகளை வெளியேற்றக் கூடாது, அந்த வட்டாரத்தின் தேவையில் தன் நியாயமான பங்குக்கு இடம் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பெரிய மனை என்ற விதியில் ‘கறுப்பர்’ என்ற சொல் எங்கே இருக்கிறது? இல்லை. நம் ஊரிலும் குறைந்தபட்ச மனை அளவு, குறைந்தபட்சத் தெரு அகலம் என்று எழுதினால் போதும். ஆறடிச் சந்தில் ஒன்றரை சென்டில் இருக்கும் வீட்டுக்கு வரைபட அனுமதி கிடைக்காது. அனுமதி இல்லாத வீட்டுக்குக் கடன் கிடையாது. சாதியின் பெயரைச் சொல்லாமலே சாதி வேலை செய்துவிடும்.

கேட்டால் நடக்குமா என்ற சந்தேகம் நியாயமானது. மும்பையின் 2034 வளர்ச்சித் திட்ட வரைவு பிப்ரவரி 2015-இல் வந்தது. சாலைகள், பழைய கட்டடங்கள் எல்லாம் தப்பும் தவறுமாகக் குறிக்கப்பட்டிருந்தன. வார்டு வார்டாக வரைபடத்தை எடுத்துக்கொண்டு போய் மக்களுக்கு விளக்கினார்கள், ஆயிரக்கணக்கில் ஆட்சேபணைகள் குவிந்தன, ஏப்ரலில் முதலமைச்சர் அந்த வரைவைத் தூக்கிப்போட்டுத் திருப்பி எழுதச் சொன்னார். மும்பையில் கட்டடக் கலைஞர்கள் இருந்தார்கள், ஊடகம் இருந்தது, ஆங்கிலம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். மேல்மலையில் நீங்கள் இருக்கிறீர்கள். கையில் போன் இருக்கிறது, அதில் ஜி.பி.எஸ். இருக்கிறது.

அதனால் வரைவு அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே தொடங்குங்கள். சேரியின் ஒவ்வொரு வீட்டையும், எப்போதிருந்து இருக்கிறது என்ற விவரத்தோடு, புலப்படத்தின் மேல் குறியுங்கள். குடிதண்ணீர் எடுக்கும் ஊற்று, சுடுகாடு, சுடுகாட்டுக்குப் போகும் தடம், ஆடு மேய்க்கும் சரிவு, மழைக்காலத்தில் தண்ணீர் புகும் வீடுகள் எல்லாம் வர வேண்டும். பாட்டிமார்களைக் கூட்டிக்கொண்டு நடங்கள், அவர்களுக்குத் தெரிந்த தடம் வி.ஏ.ஓ. பதிவேட்டில் இருக்காது. பஞ்சமி நிலம் ஊராட்சியில் எங்கே இருந்தது, இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 1892 அரசாணையின் நிலம் காட்டேஜ் மண்டலமாகக் கலர் மாறுவதை நாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கென்று 2024-இல் தமிழ்நாடு தனிச் சட்டம் போட்டிருக்கிறது. முழுமைத் திட்டத்தில் நமக்கென்று குறிக்கும் மனைகளுக்கும் சாலைகளுக்கும் அந்த நிதியிலிருந்து எவ்வளவு என்று சேர்த்துக் கேளுங்கள். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் கூடுகிறது. நம் வரைபடத்தைத் தீர்மானமாக வையுங்கள். ஏற்க மறுத்தால், மறுத்ததையே எழுதி வாங்குங்கள், அதுவும் ஆதாரம்.

அறிவிப்பு வந்ததும் இரண்டு மாதக் கணக்கு அரசிதழ் தேதியிலிருந்து ஓடத் தொடங்கும். ஒரே பொதுமனுவில் ஐநூறு கையெழுத்து வாங்காதீர்கள், அதை ஒரே ஆட்சேபணையாக எண்ணிவிட இடம் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு மனு, தமிழில், அவரவர் வீட்டையும் பாதையையும் குறித்து. ஒவ்வொரு மனுவிலும் ‘எங்களை நேரில் விசாரிக்க வேண்டும், விசாரணையை எங்கள் ஊரில் நடத்த வேண்டும்’ என்று எழுதுங்கள். விசாரிக்கக் கேட்டவரை விசாரிக்காமல் திட்டத்தை அனுப்பினால் நீதிமன்றத்தில் நிற்பதற்கு நமக்கு அந்த வரிதான் வேண்டும். மனுவின் நகலில் தேதியும் முத்திரையும் போட்டு வாங்காமல் அலுவலகத்தை விட்டுக் கிளம்பாதீர்கள்.